பியானோ பயிலும் பிள்ளையின் முதல் ஏடு



தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பம் ஒன்று இன்று சாலாக் செலாத்தானில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வயது மகள் பியானோ கற்கத் தொடங்கியிருக்கிறாள். தந்தை புத்தகக் கடைக்குப் போகிறார். ஒருபுறம் மெல்லிய ஏடுகள். மறுபுறம் மேதைகளின் இசையெல்லாம் ஒன்றாகக் கட்டிய தடித்த தொகுப்பு. “தடியானதையே வாங்கிட்டா பல வருசத்துக்கு ஆகுமே” என்று அவர் எண்ணுகிறார். வளரும் பிள்ளைக்குச் சப்பாத்தைச் சற்றுப் பெரிதாக வாங்கிப் பழகிய கை அது. ஆனால் இசையேட்டில் இந்தக் கணக்குச் செல்லாது. ஏன் செல்லாது என்பதை அந்த ஏடுகளின் வரலாறே நமக்குச் சொல்கிறது.

ஜெர்மனியில் கோத்தன் என்ற ஊரின் அரண்மனையில் இசைத் தலைவராக இருந்தவர் பாக். அவருடைய மூத்த மகனுக்கு அப்போது ஒன்பது வயது. 1720 ஜனவரி 22 அன்று அந்த மகனுக்கென்றே ஓர் ஏட்டை அவர் தொடங்கினார். முதலில் சுரங்களின் பெயர். பிறகு அணிக் குறிகளின் விளக்கம். அதன்பின், எந்த விரலால் எந்தச் சுரத்தைத் தொட வேண்டும் என்று எண் குறித்த ஒரு சிறு உருப்படி. பிள்ளையின் கை தேறத் தேற, பாடமும் ஏறுகிறது. பியானோ என்ற கருவி 1700-ஐ ஒட்டி இத்தாலியில்தான் பிறந்திருந்தது. பாக்கின் பிள்ளைகள் பயின்றவை அதற்கு மூத்த விசைக் கருவிகள். ஆயினும் இன்றைய பியானோ மாணவர்களும் அந்தப் பாடங்களைப் பயில்கிறார்கள்.

1725-இல் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக ஓர் ஏடு தொடங்கப்பட்டது. அதிலுள்ள ஒரு சிறு நடன இசை உலகெங்கும் பிள்ளைகள் வாசிப்பது. அது பாக் இயற்றியதென்றே நெடுங்காலம் நம்பினார்கள். டிரெஸ்டன் நகரத்து இசைஞர் பெட்சோல்ட் இயற்றியது என்பது 1970-களில்தான் தெரியவந்தது. அந்த மேதையின் வீட்டாரே பெரிய பெயரைத் தேடவில்லை. கைக்கு அடங்கும் நல்ல பாட்டைத் தேடினார்கள் என்பது இதனால் விளங்கும்.

பின்னர் பியானோ வசதியுள்ள குடும்பங்களின் வீடுகளுக்கு வந்தது. லண்டனில் வாழ்ந்த கிளமெண்டி 1797-இல் மாணவர்களுக்காக ஆறு சிறிய சொனாட்டினாக்களை வெளியிட்டார். பெரிய இசையின் அமைப்பு முழுவதும் சிறிய கைக்கு ஏற்ற அளவில் அவற்றில் உண்டு.

1848-இல் ஷூமன் தம் மூத்த மகள் மரியின் ஏழாம் பிறந்தநாளையொட்டிச் சில உருப்படிகளை எழுதினார். பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தரப்படும் பாடங்கள் தரமற்றவை என்பது அவ்வீட்டாரின் குறை. அந்த முயற்சி 43 உருப்படிகள் கொண்ட இளையோர் தொகுப்பாக வளர்ந்தது. முதல் 18 சிறுவர்க்கு, எஞ்சியவை வளர்ந்தவர்க்கு.

ஹங்கேரி நாட்டு பார்த்தோக், 1926 முதல் 1939 வரை உழைத்து, 153 உருப்படிகளை ஆறு பாகங்களாக அமைத்தார். முதல் இரண்டு பாகங்களைத் தம் மகன் பீட்டருக்கு உரிமையாக்கினார். அதன் தொடக்கப் பாடங்களில் இரு கைகளும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும். கை இடம் பெயரவே வேண்டாம்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. பிரிக்பீல்ட்ஸில் வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, பிறகு ஜண்டை வரிசை, அலங்காரம், அதன்பின் மலகரியில் கீதம். இந்த வரிசையை வகுத்தவர் 16-ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசர் என்பது மரபு. எந்த ஆசிரியரும் முதல் மாதத்தில் வர்ணம் சொல்லித் தருவதில்லை. சென்னைக் கோட்டையின் ஆங்கிலேய வாத்திய மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் அந்த எளிய பாடல்களை இன்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

இனித் தந்தையின் கேள்விக்கு வருவோம். பெற்றோருக்குச் சுரக்குறி படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதற்காக நாணவேண்டியதில்லை. மூன்றைக் கவனித்தால் போதும். முதலாவது, சுரங்களுக்கு மேலும் கீழும் விரல் எண்கள் இருக்கின்றனவா? இரண்டாவது, ஒவ்வொரு பாடத்திலும் புதியது ஒன்றிரண்டுதான் வருகிறதா, அல்லது பத்தாம் பக்கத்திலேயே மலை நிற்கிறதா? மூன்றாவது, ஆசிரியரை முதல் நான்கு பாடங்களை வாசிக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில் பிள்ளை அவற்றில் ஒன்றையாவது முணுமுணுக்கிறாளா?

தேர்வு ஏடுகளைப் பற்றியும் ஒரு சொல். லண்டனில் 1889-இல் அமைந்த இசைக் கல்லூரிகளின் கூட்டு வாரியம் நடத்தும் படிநிலைத் தேர்வுகளை நம் நாட்டுப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அவை நல்லவையே. ஆனால் ஒரு படிநிலைக்கு வேண்டியவை சில உருப்படிகள் மட்டும். ஆண்டு முழுதும் அவற்றையே வாசிக்கும் பிள்ளை சான்றிதழ் பெறுவாள். புதிய பாட்டை எடுத்துத் தானே வாசிக்கத் தயங்குவாள். தேர்வு ஏட்டோடு எளிய தொகுப்பு ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

தடித்த தொகுப்பைத் திறந்த பிள்ளை, முதல் வாரமே விரல் எட்டாமல் திணறினால், பிழை புத்தகத்தில் இருக்கிறதென்று நினைக்க மாட்டாள். “எனக்கு இது வராது” என்றே நினைப்பாள். அந்த நினைப்பு ஒருமுறை மனத்தில் விழுந்தால், மிச்சம் பிடித்த வெள்ளியும் வீண். மூடிய பியானோவைத் திறக்கவும் ஆளிராது. மெல்லிய ஏட்டை முடித்துவிட்டு, அடுத்தது வேண்டும் என்று அவள் கேட்கும் நாளில் தடித்ததை வாங்கிக்கொள்ளலாம்.