கையெழுத்திடாத இரண்டு ஒப்பந்தங்கள்

இந்தியா இன்றுவரை கையெழுத்திடாத உலக ஒப்பந்தங்களில் இரண்டைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம். மற்றது, 1968ஆம் ஆண்டின் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். முதலாவது, 1990இல் ஈழத்தில் மீண்டும் போர் மூண்டபின் வந்து கும்மிடிப்பூண்டி முகாமில் தங்கவைக்கப்பட்ட பெண்களைத் தொடுகிறது. இரண்டாவது, கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் கடலை நம்பி வாழும் பெண்களை.

அணுவுக்காக டெல்லி ஆண்டுக்கணக்கில் பேசியது. 2008 ஆகஸ்டில் சர்வதேச அணுசக்தி முகமை கண்காணிப்பு உடன்பாட்டை ஏற்றது. செப்டம்பரில் அணு வணிக நாடுகள் இந்தியாவுக்கு விலக்களித்தன. 22 உலைகளில் 14 அயலார் சோதனைக்குத் திறந்துவிடப்பட்டன. கல்பாக்கத்தின் இரு மின் உலைகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றன. கூடங்குளத்தின் முதலிரு உலைகளோ 1988இல் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டபோதே கண்காணிப்புக்கு உட்பட்டவை. ஆனால் அந்தச் சோதனை கேட்பது ஒன்றைத்தான்: எரிபொருள் ஆயுதத்துக்குத் திருப்பப்படுகிறதா? விபத்து நேர்ந்தால் எங்கே போவது என்று இடிந்தகரைப் பெண்கள் கேட்ட கேள்விக்கு அந்தக் கணக்கேட்டில் பத்தி இல்லை.

அகதிகளுக்கும் ஒரு கண்காணிப்பு வந்தது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், 1992இல் தமிழகத்திலிருந்து அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. வற்புறுத்தி அனுப்புகிறார்கள் என்ற புகார் உலக அளவில் எழுந்ததால், ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறக்க டெல்லி இசைந்தது. விரும்பித்தான் போகிறீர்களா என்று கேட்கலாம், அவ்வளவுதான். முகாமுக்குள் எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை தரப்படவில்லை. உள்ளே கண்காணிப்பு என்றால் கியூ பிரிவுக் காவலர், ஆள் எண்ணும் வருகைப்பதிவு.

பிறகு ஜெனீவா. 2009 மே மாதம், போர் முடிந்த கையோடு, ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் கொழும்பைப் பாராட்டிய தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது. 2010இல் ராஜபக்ச அரசு 18ஆம் திருத்தத்தின் வழியே அதிபர் பதவிக்கால வரம்பை நீக்கியது. 2012 மார்ச் 22 அன்று இந்தியா அந்த அரசுக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்தது. 2014இல் யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. நீதி அதே நீதிதான். மாறியது டெல்லியின் தேவை.

2012இன் அந்த வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்புதான் தமிழக அமைச்சரவை கூடங்குளம் உலைக்கு ஒப்புதல் தந்திருந்தது. அந்த செப்டம்பரில் இடிந்தகரைக் கடற்கரையில் பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் விழுந்தன. போராடியவர்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. இதைப் பற்றிக் கேள்வி எழுப்ப ஜெனீவாவில் எந்த நாடும் தீர்மானம் கொண்டுவரவில்லை.

2021இல் தமிழக அரசு அகதி முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. உதவித்தொகையையும் உயர்த்தியது: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000. தலைவர் என்ற சொல்லில் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கும் வரை, மனைவியின் விலை 500 ரூபாய் குறைவு. குடியுரிமையோ 2019 திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இல்லை.

யுரேனியம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அந்நியர் வரலாம் என்று ஒப்புக்கொண்ட அரசு, சிப்காட்டில் தினக்கூலிக்குப் போய்வரும் ஒரு பெண் பத்திரமாக இருக்கிறாளா என்று கேட்பதை மட்டும் இறையாண்மைக்கு இழுக்காக நினைக்கிறது. முதல் ஒப்பந்தத்துக்காகவும் ஒருமுறை மேசையில் உட்காரட்டும். அந்த மேசையில் முகாம் பெண்களுக்கும் நாற்காலி வேண்டும்.