தென்னிந்தியத் திருச்சபை
ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாகி உருவான திருச்சபை. பேச்சு தொடங்கியது 1919-இல், தரங்கம்பாடியில். மேலைநாட்டு மிஷன்கள் விதைத்த பிரிவுகளை இந்தியக் கிறிஸ்தவர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அங்கு கூடியோரின் ஆதங்கம். முன்னின்ற பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளையில் பிறந்தவர். இணைப்பைக் காணாமலே 1945-இல் மறைந்தார்.

இணைப்புப் பேச்சின் இழுபறிக்குக் காரணம் குருத்துவம். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகரை ஆங்கிலிக்கர் எப்படி ஏற்பது? இருப்பவர்களை மறு அபிஷேகமின்றி ஏற்பது, இனி வருவோரைப் பேராயர்களே அபிஷேகம் செய்வது என்று முடிவானது. தன் மரபே முழுமையானது என்ற பிடிவாதத்தை ஒவ்வொரு தரப்பும் தளர்த்திய இந்த இடத்தில்தான் ஆவிக்குரிய முதிர்ச்சி தெரிகிறது.

திருவிருந்தில் சமாதானம் கூறுதல் இச்சபையின் அழகிய வழக்கம். பீடத்திலிருந்து புறப்படும் சமாதானம், இரு கைகளால் அடுத்தவர் கைகளைப் பற்றி, வரிசை வரிசையாகக் கடைசி இருக்கைவரை போய்ச் சேரும். சாதிப் பிளவு மட்டும் பல சபைகளில் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கிறது.