குறிஞ்சாவும் கேணியும்

திருகோணமலை மாவட்டத்திலே, கிண்ணியாவை அடுத்து அமைந்த ஊர் குறிஞ்சாக்கேணி. குறிஞ்சா என்பது ஒரு கொடி. கேணி என்பது நீர்நிலை. பன்னீராண்டுக்கு ஒருமுறை மலையில் மலரும் குறிஞ்சி வேறு, இக்குறிஞ்சா வேறு. மரஞ்செடிகளைப் பற்றிப் படர்ந்து, சிறிய மஞ்சட் பூக்களைக் கொத்தாகப் பூக்கும் சிறுகுறிஞ்சா, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உரியது.

இதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால், மணலைத் தின்பது போலிருக்கும். ஆதலின் 'சர்க்கரைக்கொல்லி' என்றும் பெயர் பெற்றது. 1887ஆம் ஆண்டில், உதகமண்டலத்திற் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்னும் ஆங்கில வேதியியலார் இவ்விலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் பொருளுக்கு 'ஜிம்னெமிக் அமிலம்' எனப் பெயரிட்டார். அது நாவின் இனிப்புணர்ச்சியைச் சிறிது நேரம் தடுத்துவிடுகின்றது.

ஈழத்து அடுக்களையிலோ, குறிஞ்சா இலை அரிந்து தேங்காய்ப்பூவுடன் வறையாகும், இலைக்கஞ்சியிலும் சேரும். சித்த வைத்தியர் இதனை நீரிழிவுக்கு வழங்கினர். எனினும், மருத்துவர் தரும் மருந்துக்கு இஃது ஈடாகாது. அம்மருந்தோடு சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை மிகத் தாழவுங் கூடும்.

ஊர்ப்பெயரும் ஒரு வரலாற்றுச் சான்றே. கல்வெட்டைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். இப்பெயரைப் படிக்கக் கொடியை அறிதல் வேண்டும். கொடியை இன்னதென்று காட்டுவார் இல்லையாயின், நாளைய பிள்ளைகளுக்கு அப்பெயர் பொருளற்ற ஓசையாகிவிடும்.