குழாய் முறுக்கும் கருவியின் கதை



வீட்டுக் குழாய் ஒழுகுகின்றதென்று ஆள் அனுப்பினால், வருகின்ற தொழிலாளி தமது பையிலிருந்து முதலில் வெளியே எடுப்பது பாரமான ஓர் இரும்புக் கருவி. நீண்ட கைபிடி, அதன் தலைப்பிலே பற்கள் வெட்டிய இரண்டு தாடைகள், அவற்றின் இடைவெளியைக் கூட்டவுங் குறைக்கவும் விரலால் உருட்டத்தக்க ஒரு வளையம். பைப் றெஞ்சு என்றே எல்லோரும் அதனை அழைக்கின்றனர். ஒரு குழாயோடு மற்றொரு குழாயை இணைக்கின்ற சொக்கற்று என்னும் சிறு துண்டை முறுக்கி ஏற்றுவதும், வேண்டியபோது கழற்றுவதும் அதன் தொழில். அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் வகுப்பறையிற் கற்பித்தே வயது போக்கிய எனக்கு, இக்கருவிக்கும் ஒரு வரலாறு உண்டென்பது எமது பாடசாலையில் நேர்ந்த ஒரு சங்கடத்தின் பின்னரே தெரியவந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கனடாவில் வாழும் எமது பழைய மாணவர் சிலர் பிள்ளைகளின் குடிநீருக்கென ஒரு வடிகட்டும் சாதனத்தை அனுப்பிவைத்தனர். நீர் புகும் வாயும் வெளியேறும் வாயும் ஓரங்குல அளவின. எம்மிடமிருந்த நாகம் பூசிய இரும்புக் குழாயும் ஓரங்குலக் குழாயே. பொருத்துவதற்கு அரைமணி நேரம் போதுமென்று தொழிலாளி சொன்னார். சொக்கற்று மூன்று நான்கு சுற்று இலேசாக ஏறியது. பின்னர் இறுகி நின்றுவிட்டது. அவர் பதினெட்டு அங்குல றெஞ்சைப் போட்டார். அசையவில்லை. கைபிடியின்மேல் ஒரு குழாய்த் துண்டைச் செருகி அதன் நீளத்தை இரட்டிப்பாக்கி, இன்னொருவரையும் துணைக்கு அழைத்துத் தொங்கினார். படீரென்ற ஓசையுடன் சொக்கற்று வெடித்தது. அதன்பின் மூன்று வாரம் எமது பிள்ளைகள் அயல்வீட்டுக் கிணற்றிலிருந்தே நீர் சுமந்தனர். எவர்மீது பிழை என்று நான் விசாரிக்கப் புகுந்தேன். விசாரணை என்னைச் சற்றுத் தூரமாகவே இட்டுச்சென்றது.

நீரைக் குழாய்வழியே கொண்டுசெல்வது பழைய கலை. உரோமர் ஈயத் தகட்டைச் சுருட்டிப் பற்றாசு வைத்தனர். இலண்டன் மாநகரம் மரத்தண்டைக் குடைந்து குழாயாக்கி நெடுங்காலம் பயன்படுத்தியது. வார்ப்பிரும்புக் குழாய்கள் வந்தபின், ஒன்றன் அகன்ற வாயில் மற்றதன் நுனியைச் செருகி ஈயம் உருக்கி வார்க்கும் முறை 1785 அளவில் அந்நகரில் வழக்குக்கு வந்தது. இவை எவற்றுக்கும் றெஞ்சு வேண்டியதில்லை. புரி வெட்டி முறுக்கும் சிறு குழாய்க்கான தேவையை உண்டாக்கியது நீரன்று, விளக்கு.

வில்லியம் மேர்டொக் என்பார் 1792ஆம் ஆண்டில் கோண்வோல் மாகாணத்து றெட்றூத் ஊரிலே தமது வீட்டை நிலக்கரி வாயுவினால் ஒளிரச் செய்தார். 1812இல் இலண்டனில் வாயு விளக்குக் கம்பனி ஒன்று அரச பட்டயம் பெற்றது. வீதிக்கு வார்ப்பிரும்புக் குழாய் போதும். வீட்டுச் சுவரேறி அறைக்கு அறை செல்வதற்கோ மெல்லிய குழாய் வேண்டும். அந்நாளில் மெல்லிய இரும்புக் குழாயை நன்கு செய்யத் தெரிந்தவர்கள் துப்பாக்கி செய்வோரே. நெப்போலியனுடன் நடந்த போர் 1815இல் முடிய, வேலையற்றுக் கிடந்த துப்பாக்கிக் குழல்கள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு வாயுக் குழாய்களாயின என்பர். துப்பாக்கிக் குழலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பரல்' என்னும் சொல்லே வாயுக் குழாய்க்கும் நீண்டகாலம் வழங்கியது. உயிரைப் போக்கப் பிறந்த குழல் விளக்கேற்றப் போனதை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போது, போர்முனைத் தேதிகளைக் கேட்கும்போது இல்லாத ஓர் உற்சாகம் அவர்கள் முகத்தில் தோன்றுவதைக் கண்டிருக்கின்றேன்.

1825இல் வெட்னெஸ்பரி என்ற ஊரைச் சேர்ந்த கோர்னீலியஸ் வைற்ஹவுஸ், நீண்ட இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி ஒரு துவாரத்தினூடாக இழுத்து, அதன் இரு விளிம்புகளும் தாமே ஒட்டிக்கொள்ளச் செய்யும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். சம்மட்டியால் அடித்து அடித்துக் குழலாக்கும் வேலை ஒழிந்தது. குழாய் மலிந்தது, நீளமும் கூடியது. ஆயினும் எந்தக் குழாயும் ஓரிடத்தில் முடியத்தான் வேண்டும். முடிகின்ற இடத்தில் இணைப்பு வேண்டும். குழாய் வேலையின் நல்லதுங் கெட்டதும் அந்த இணைப்பிலேதான் இருக்கின்றது.

அக்காலத்து இணைப்புகளுள் என்னை மிகவும் கவர்ந்தது ஏஞ்சியர் மார்ச் பேர்க்கின்ஸ் கையாண்ட இணைப்பாகும். அமெரிக்காவிற் பிறந்து இலண்டனில் தொழில் நடத்திய இவர், கட்டடங்களைச் சூடாக்குவதற்காக உயர்ந்த அமுக்கத்தில் வெந்நீரை ஓடவிடும் முறைக்கு 1831இல் உரிமை பெற்றவர். அவருடைய குழாயின் புறவிட்டம் ஓரங்குலம், உள்விட்டம் அரை அங்குலம், அத்துணைத் தடிப்பு. இணையும் நுனிகளுள் ஒன்றில் வலம்புரியும் மற்றதில் இடம்புரியுமாகப் புரி வெட்டப்பட்டிருக்கும். நடுவே உள்ள சொக்கற்றைச் சுழற்றினால் இரு குழாய்களும் ஒருங்கே உள்நோக்கி இழுபடும். ஒரு நுனி தட்டை. மற்றது கத்திபோற் கூரியது. கூர்நுனி தட்டை நுனியிற் பதிந்து நிற்கும். சணலும் இல்லை, பூச்சும் இல்லை; இரும்பே இரும்பை அடைக்கின்றது.

பேர்க்கின்சிடம் தொழில் பழகிய யோசேப் நேசன் என்னும் இளைஞர் தாயகம் மீண்டு, யேம்ஸ் வோல்வேர்த் என்பவருடன் சேர்ந்து 1842இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பனிக்காலத்தில் எலும்பை உறைவிக்கும் குளிர் நாடு அது. தொழிற்சாலைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் சிறு குழாய்வழியே நீராவி செலுத்தி வெப்பமூட்டுவதே அவர்களது வியாபாரம். வோல்வேர்த்தின் வேலைத்தலம் பின்னர் பொஸ்ரன் நகரத்தை அண்டி வளர்ந்தது.

நீராவிக் குழாயில் இணைப்பு நெகிழ்ந்தால் நீர்க்குழாயிற்போலத் தரை நனைவதோடு காரியம் முடியாது. அருகில் நிற்பவனின் தோல் வெந்துபோகும். ஆகவே ஒவ்வொரு சொக்கற்றையும் பலங்கொண்ட மட்டும் முறுக்க வேண்டியிருந்தது. முறுக்குவதோ எளிதன்று. சுரையாணிக்குத் தட்டையான பக்கங்கள் உண்டு. அதனைச் சாவிபோட்டுப் பிடிக்கலாம். குழாய் உருண்டையானது; மூலையும் இல்லை, முனையும் இல்லை. அக்காலத் தொழிலாளர் கொல்லன் குறடுபோன்ற இடுக்கிகளைக் கையாண்டனர். ஒவ்வோர் அளவுக் குழாய்க்கும் ஒவ்வோர் இடுக்கி. ஏணியில் ஏறுகிறவர் ஒரு கட்டு இரும்பைத் தோளிற் சுமந்தே ஏறவேண்டும். பிடி வழுவினால் கைமுட்டி சுவரில் மோதும். சிலவேளை ஆளே கீழே விழுவார்.

இந்த வேலைத்தலத்திற்குத்தான் டானியல் சப்மன் ஸ்ரில்சன் வந்து சேர்ந்தார். 1826இற் பிறந்தவர், இயந்திரத் தொழிலாளி. அவர் மரத்தைச் செதுக்கி ஒரு மாதிரி செய்து முதலாளிகளிடம் காட்டியதாகவும், 'இதனை இரும்பிற் செய்துகொண்டு போய் ஒரு குழாயில் மாட்டி முறுக்கு. ஒன்றில் குழாய் முறிய வேண்டும், அன்றேல் கருவி முறிய வேண்டும்' என்று அவர்கள் கூறியதாகவும், முறிந்தது குழாயே எனவும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும், 1869ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆந் திகதி அவருக்கு 95,744ஆம் இலக்க உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டமை ஏட்டில் உள்ளது. உற்பத்தியை வோல்வேர்த் நிறுவனம் ஏற்றது. உரிமைப் பணமாக ஸ்ரில்சன் தமது வாழ்நாளில் ஏறத்தாழ 80,000 டொலர் பெற்றார் என்பர். புனைந்தவன் பசித்திருக்க விற்றவன் கொழுத்த கதைகள் பல உண்டு; இஃது அவற்றுள் ஒன்றன்று.

அவர் கண்ட நுட்பத்தைச் சொல்லவேண்டும். கருவியின் கீழ்த்தாடை கைபிடியோடு நிலையாக நிற்கின்றது. மேல்தாடையோ கொக்கி வடிவமானது. ஒரு கூட்டினுள்ளே வேண்டுமென்றே தளர்வாக விடப்பட்டிருக்கின்றது. புதிதாகக் கையிலெடுப்பவர் அது ஆடுவதைக் கண்டு பழுதென்று எண்ணக்கூடும். அந்த ஆட்டந்தான் கருவியின் உயிர். குழாயைத் தாடைகளுக்கிடையே வைத்துக் கைபிடியை இழுத்தால், கொக்கித் தாடை சிறிது சரிந்து மற்றதை நோக்கி நெருங்கும். சாய்த்து வெட்டிய பற்கள் குழாயிற் பதியும். இன்னும் இழுத்தால் இன்னும் பதியும். எத்துணை வலிமையோடு முறுக்குகிறோமோ அத்துணை இறுக்கமாகப் பிடிக்கும். உடும்புப் பிடி என்று நாம் சொல்வோமே, அதுவேதான். கைபிடியை எதிர்ப்பக்கமாக அசைத்தவுடன் பிடி நெகிழும். கருவியைக் கழற்றாமலே அடுத்த சுற்றுக்குப் பின்வாங்கலாம். ஒரே கருவி பல அளவுக் குழாய்களுக்கும் பொருந்தும். குழாயை அசையாமல் நிறுத்த ஒரு றெஞ்சு, சொக்கற்றைச் சுழற்ற மற்றொன்று எனத் தொழிலாளர் இரண்டை எதிரெதிராக மாட்டுவது இதனாலேதான்.

ஓரங்குலக் குழாயின் புறவிட்டம் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். பதினெட்டு அங்குலக் கைபிடியின் நுனியில் ஒருவர் 50 இறாத்தல் விசை கொடுத்தால், குழாயின் விளிம்பில் அது இருபத்தைந்து மடங்குக்கு மேலாகப் பெருகும். எமது தொழிலாளி கைபிடியை இரட்டித்தபோது என்ன நேர்ந்திருக்குமென்று கணக்கிட்டுப் பாருங்கள்.

முதலில் நானும், கனடாவிலிருந்து வந்த சாதனந்தான் குறையுடையது என்றே எண்ணியிருந்தேன். விடயம் வேறு. இங்கிலாந்தில் யோசேப் விற்வேர்த் 1841இல் புரிகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். அவரது புரியின் கோணம் 55 பாகை. பிரித்தானியக் குழாய்ப் புரி அவ்வழியே வந்தது. அமெரிக்காவில், முன்னர் நேசனுடன் பணியாற்றி, பின் பிலடெல்பியாவில் ஒரு குழாய்த் தொழிற்சாலையை மேற்பார்வை செய்த றொபேட் பிறிக்ஸ், 1860களில் வேறோர் ஒழுங்கை வகுத்தார். அதன் கோணம் 60 பாகை. நுனி சிறுத்து வருமாறு, ஓரடிக்கு முக்கால் அங்குலம் விட்டம் குறைய அவர் குழாயைச் சரித்து வெட்டினார். முறுக்க முறுக்க ஆப்புப்போல இறுகவேண்டும் என்பது கருத்து. பிறிக்ஸ் 1882இல் மறைந்தார். நான்கு ஆண்டின் பின், 1886இல், அமெரிக்க உற்பத்தியாளர் அவரது அளவுகளைப் பொது ஒழுங்காக ஏற்றனர். ஸ்ரில்சனின் முதல் உரிமைப் பத்திரத்தின் பதினேழு ஆண்டுக் காலம் முடிந்ததும் அதே 1886இல் என்பது ஒரு விநோதமான பொருத்தம். அதன்பின் அவ்வகைக் கருவியை எவரும் செய்யலாயிற்று. ஐரோப்பாவில் 1888இல் சுவீடன் நாட்டு யோகான் பீற்றர் யோகான்சன், இரும்புக் கை எனப் பெயரிட்டு வேறொரு வகைக் குழாய்ச் சாவிக்கு உரிமை பெற்றார். வேறும் பல வந்தன. அவற்றை விரித்தல் வேண்டா.

அரை அங்குலக் குழாயிலும் முக்கால் அங்குலக் குழாயிலும் இரு நாட்டு ஒழுங்கின்படியும் ஓரங்குல நீளத்துக்குப் பதினான்கு புரிகள். ஆகவே அவை ஓரளவு ஏறி, நன்றாகவே பொருந்துவதுபோல ஏமாற்றும். ஓரங்குலக் குழாயிலோ பிரித்தானியப் புரி பதினொன்று; அமெரிக்கப் புரி பதினொன்றரை. அந்த அரைப் புரி வேற்றுமைதான் மூன்று நான்கு சுற்றுக்குப் பின் எமது சொக்கற்றைத் தடுத்து நிறுத்தியது. இலங்கையில் நாம் பிரித்தானிய ஒழுங்கையும் கனடாவில் அமெரிக்க ஒழுங்கையும் கைக்கொள்கின்றோம்.

எமக்கு நேர்ந்தது சிறு சங்கடம். 1904ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆந் திகதி அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயோர்க்கிலிருந்தும் தீயணைப்புப் படையினர் இரயிலேறி உதவிக்கு வந்தனர். அவர்களிடம் இயந்திரமும் இருந்தது, ஆளும் இருந்தனர். வீதியில் நீரும் இருந்தது. அவர்களுள் பலருடைய குழாய்களின் இணைப்பு போல்ற்றிமோர் வீதி நீர்க்குழாயின் புரியிற் பொருந்தவில்லை. தீ மறுநாளும் எரிந்தது. ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. எத்துணைப் பெரிய றெஞ்சாயினும் பொருந்தாத இரு புரிகளைப் பொருந்தச் செய்யமாட்டாது. இதற்குப் பின்னரே அந்நாட்டில் தீயணைப்பு இணைப்புகளுக்கு ஒரு தேசிய அளவு வகுக்கப்பட்டது. அப்போதும் எல்லா நகரங்களும் உடனே அதற்கு இணங்கிவிடவில்லை.

எமது சாதனத்தைப் பார்த்தவுடனேயே உண்மையைக் கண்டுபிடித்தவர், தொழிலிலிருந்து ஓய்வுபெற்று எமது ஊரில் வாழும் முதியவர் ஒருவர். வெடித்த சொக்கற்றைக் கையிலெடுத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சீப்புப்போன்ற தகட்டை எடுத்துச் சாதனத்தின் புரியிற் பொருத்தினார். "ஐயா, இது இஞ்சத்தைய புரி இல்லை" என்றார். ஒருபுறம் அமெரிக்கப் புரியும் மறுபுறம் பிரித்தானியப் புரியும் வெட்டிய பித்தளைத் துண்டுகள் இரண்டைக் கொழும்பிலிருந்து வருவித்தோம். அன்று வேலை செய்த அதே தொழிலாளியே, அதே றெஞ்சினால், கைபிடியை நீட்டாமல், பத்து நிமிடத்தில் அவற்றைப் பொருத்தினார். இப்போது நீர் வருகின்றது.

இன்று பெரும்பாலான வீடுகளுக்குப் பிளாஸ்ரிக் குழாயும் பசையும் வந்துவிட்டன. றெஞ்சின் வேலை குறைந்துவிட்டது. எமது பாடசாலையின் இரும்புக் குழாயில், முதல்நாள் போராட்டத்தின்போது பற்கள் பதிந்த தழும்பு இன்னும் இருக்கின்றது. நாகம் கீறுண்ட அவ்விடத்தில் துரு ஏறாதிருக்க ஆண்டுதோறும் விடுமுறைக் காலத்தில் மை பூசி வருகின்றோம்.