அலையைக் கடந்த ஆத்தூர்

பழனி மலையடிவாரத்தில், காமராசர் நீர்த்தேக்கத்தை அடுத்திருப்பது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர். இத்தொகுதியில் தி.மு.க.வின் ஐ. பெரியசாமி 1989, 1996, 2006ஆம் ஆண்டுகளில் வென்றார். மூன்று முறையும் அவர் கட்சியே ஆட்சி அமைத்தது. 1991, 2001 தேர்தல்களில் தொகுதியும் ஆட்சியும் அ.தி.மு.க. வசமாயின. எனவே ஆத்தூர் மாநில அலையோடு செல்லும் தொகுதி என்றே நாம் கருதியிருப்போம்.

2011 அக்கணக்கைப் பொய்யாக்கியது. தி.மு.க. 23 இடங்களாகச் சுருங்கிய அத்தேர்தலிலும் ஆத்தூர் அவரைக் கைவிடவில்லை. 2016இல் கட்சி எதிர்வரிசையில் அமர்ந்தபோதும் அவர் வென்றார். கொடைக்கானலை உள்ளடக்கிய பழனித் தொகுதியில் அவர் மகன் செந்தில்குமாரும் வென்றார். 2021இல் இருவரும் மீண்டும் வென்றனர்; தந்தையின் வாக்கு வேறுபாடு 1,35,571.

அலையை மீறி ஒருவரைத் தேர்வது வாக்காளரின் உரிமையுணர்வு. அந்நம்பிக்கை மரபுரிமையாகக் கைமாறும்போது, அவ்வுணர்வு வளர்கிறதா, தேய்கிறதா என்பதே நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது.