விளக்கைக் கண்டு ஊரைத் தாக்கியது: பாய்ஸ் சிட்டி குண்டுவீச்சும் பயிற்சி இலக்கின் பிழையும்

1943 ஜூலை 5. நள்ளிரவு கடந்து அரை மணி நேரம் ஆகியிருந்தபோது ஓக்லஹோமா மாநிலத்தின் பாய்ஸ் சிட்டி மீது அமெரிக்க விமானமே குண்டு போட்டது. டெக்சஸின் டால்ஹார்ட் தளத்திலிருந்து இரவுப் பயிற்சிக்குக் கிளம்பிய பி-17 குண்டுவீச்சு விமானம் அது. அது போய்ச் சேர வேண்டிய இடம் கான்லன் அருகே இருந்த பயிற்சித் திடல். நான்கு மூலையிலும் விளக்கு எரிவதே அத்திடலுக்கு அடையாளம். விமானம் பல மைல் வடக்கே விலகிப் போனது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த சிற்றூரில் நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிய சதுக்கத்தில் மட்டும் விளக்குகள் எரிந்தன. இலக்கு அதுதான் என்று குழுவினர் முடிவு செய்தார்கள்.

நாவிகேட்டர் வழி தவறினார் என்று சொல்லியே பெரும்பாலும் இச்சம்பவத்தை முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் பாதி உண்மைதான். விமானம் ஏன் அந்த ஊருக்கு மேலே வந்தது என்பதற்கு அது பதில் சொல்கிறது. வந்தபின் ஏறத்தாழ அரை மணி நேரம் திரும்பத் திரும்ப வட்டமடித்து ஆறு குண்டுகளை ஏன் போட்டது என்பதற்குப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கீழே பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்ததே கண்ணில் பட்டது. தவறைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி எதுவும் தரப்பட்டிருக்கவில்லை.

குண்டுகள் விழுந்த இடங்களைப் பார்த்தால் இது தெளிவாகும். முதல் குண்டு ஒரு கார் கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கி 4 அடி ஆழத்துக்குக் குழி பறித்தது. அடுத்தது பாப்டிஸ்ட் தேவாலயத்தின் அருகே விழுந்து ஜன்னல்களை நொறுக்கியது. இன்னொன்று பெட்ரோல் ஏற்றி நின்ற லாரிக்குப் பக்கத்தில் விழுந்தது. சிற்றூரின் நடுவிலும் அதை ஒட்டியுமே எல்லாம் விழுந்தன. அதாவது, குறி பெரிதாகப் பிசகவில்லை. விமானத்தின் வேகம், உயரம், காற்று ஆகியவற்றைக் கணக்கிட்டு எங்கே போட வேண்டும் என்று சொல்ல, குண்டுவீச்சுக் கருவியான நார்டன் குறிநோக்கியால் முடியும். கீழே இருப்பது திடலா ஊரா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். அந்த மனிதருக்குக் கிடைத்ததோ இருட்டில் சில விளக்குகள் மட்டுமே. இரவில் விளக்கெரியும் எந்தச் சதுக்கத்துக்கும் பொருந்தக்கூடிய ஒன்றை இலக்கின் அடையாளமாக வைத்தது திட்டமிட்டவர்களின் பிழை. அதை இளம் குழுவினர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.

தாக்குதல் நின்றதற்கும் தரையில் இருந்தவர்களே காரணம் என்று சொல்லப்படுகிறது. மின் நிறுவன ஊழியர் ஒருவர் ஊரின் விளக்குகளை அணைத்தார். அடையாளம் மறைந்தது, குண்டுவீச்சும் ஓய்ந்தது.

போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோரை அவசர அவசரமாகப் பழக்கும்போது பிழை நேரத்தான் செய்யும் என்று இதை மறுக்கலாம். அமெரிக்க மண்ணில் மட்டும் அப்போர் ஆண்டுகளில் இராணுவ விமான விபத்துகளில் 14,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த அவசரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிழை நேர்வது உறுதி என்றால் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்றுதானே ஆகிறது? திடலில் இருப்பவர் வானொலியில் சம்மதம் சொன்ன பிறகே குண்டு போடலாம் என்றொரு விதி இருந்திருந்தால், முதல் குண்டே விழுந்திராது.

1942 ஏப்ரல் 13 அன்று இங்கிலாந்தின் இம்பரில் நடந்தது பாய்ஸ் சிட்டியில் நடந்ததைவிடக் கொடியது. தாக்குதல் ஒத்திகையில் ஹரிக்கேன் போர் விமானத்தின் விமானி ஒருவர், வேடிக்கை பார்க்க நின்ற படைவீரர்களைப் பொம்மை இலக்குகள் என்று எண்ணிச் சுட்டார். 25 பேர் இறந்தார்கள். அன்று இலேசான மூட்டம் இருந்தது. விமானியின் தவறான கணிப்பே காரணம் என்றது விசாரணை. இங்கும் அதே அமைப்பைக் காண்கிறோம். மனிதர் போன்ற பொம்மைகளும் பொம்மை போலத் தெரிந்த மனிதர்களும் ஒரே வெளியில் இருந்தார்கள். பிரித்தறியும் பொறுப்பு, பாய்ந்து செல்லும் விமானத்தில் இருந்த ஒருவரின் கண்ணுக்கு விடப்பட்டிருந்தது.

பாய்ஸ் சிட்டியில் ஒருவரும் சாகவில்லை. விழுந்தவை 100 பவுண்டு பயிற்சிக் குண்டுகள்; உள்ளே பெரும்பகுதி மணல், விழுந்த இடத்தைக் காட்டச் சில பவுண்டு கருமருந்து. இம்பரில் இருந்தவை மெய்யான தோட்டாக்கள். இரண்டு நிகழ்வுகளிலும் தவறு ஒரே வகையானது. உயிர்ச்சேதத்தில் இத்தனை வேறுபாடு வந்ததற்கு, சுமந்து சென்ற ஆயுதமே காரணம்.