லேசர் டிஸ்க்: கணினி சொன்னபடி ஆடிய தட்டு

அசோக் நகர் வீடுகளில் பீரோவைத் திறந்தால் பழைய கல்யாண வீடியோ சி.டி. ஒன்றாவது கிடைக்கும். போட்டுப் பார்க்கத்தான் பல வீடுகளில் இப்போது பிளேயர் இல்லை. இதே சங்கடத்தில் ஒரு நாடே மாட்டிக்கொண்ட கதை உண்டு. அது சி.டி.யின் அண்ணன் முறையான லேசர் டிஸ்க்கின் கதை.

பிலிப்ஸும் எம்.சி.ஏ.வும் உருவாக்கிய லேசர் டிஸ்க், 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் விற்பனைக்கு வந்தது. 30 செ.மீ. அகலம், அதாவது எல்.பி. இசைத்தட்டின் அளவு. சினிமா பார்க்க வந்த இந்தத் தட்டைக் கணினிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கேசட்டில் நடுவில் உள்ள காட்சிக்குப் போக நாடாவைச் சுற்ற வேண்டும். தட்டிலோ லேசர் நேராகத் தாவிவிடும்!

ஆனால் எல்லாத் தட்டும் இதற்குச் சரிப்படாது. சி.ஏ.வி. வகையில் ஒரு சுற்றுக்கு ஒரு படம். அமெரிக்க முறையில் ஒரு பக்கத்தில் 54,000 படங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். எந்தப் படத்திலும் அசையாமல் நிறுத்தலாம், ஆனால் 30 நிமிடம்தான் ஓடும். சி.எல்.வி. வகை ஒரு மணி நேரம் ஓடும். சாதாரண பிளேயரில் அதை ஒரு படத்தில் நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே கணினி வேலைக்கு சி.ஏ.வி.தான்.

பிளேயரையும் மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலையில் மனிதர் கையில் ரிமோட். இரண்டாவதில் பிளேயருக்குள்ளேயே நுண்செயலி. மூன்றாவதில் வெளியே உள்ள கணினி, கேபிள் வழியாகக் கட்டளையிடும். பயனீர் பிளேயருக்குப் படத்தின் எண்ணோடு 'எஸ்.இ.' என்ற இரண்டு எழுத்தை அனுப்பினால் அந்தப் படத்தைத் தேடிப் பிடிக்கும். பிடித்ததும் 'ஆர்' என்று பதில் வரும். தேடும் நேரத்தில் காட்சி அறுந்துபோவதுதான் தொல்லை. 1978-ல் ஆஸ்பென் நகரத் தெருக்களைத் திரையில் சுற்றிக்காட்டத் தொடங்கிய எம்.ஐ.டி.காரர்கள் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவினுடையது!) இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிளேயர்களை வைத்தார்கள். ஒன்று காட்டும்போது மற்றொன்று அடுத்த காட்சியைத் தேடும்.

இனி அந்த நாட்டின் கதை. இங்கிலாந்தில் 1086-ல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டின் 900-ஆம் ஆண்டுக்காக, 1986-ல் பி.பி.சி. ஒரு புதிய டூம்ஸ்டேயை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். ஆனால் அதைப் பார்க்க ஏகார்ன் கணினியும் பிலிப்ஸின் தனி ரகப் பிளேயரும் வேண்டும். மொத்த விலை சுமார் 5,000 பவுண்டு! எழுதிக் கொடுத்த பள்ளிகளிலேயே பலவற்றால் வாங்க முடியவில்லை.

பதினைந்தே ஆண்டுகளில் அந்தப் பிளேயர்கள் அரிதாகிவிட்டன. 2002-ல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளை எழுதி அதை மீட்டுக் காட்டினார்கள். 2011-ல் மக்கள் எழுதிய பகுதி இணையத்துக்கும் வந்தது. 1086-ன் தோல் ஏட்டைப் படிக்கவோ எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

தட்டு கெடாமல் இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கும் கருவியும் இருக்க வேண்டும். பீரோவில் உள்ள அந்தக் கல்யாண சி.டி.யை, டிரைவ் கிடைக்கும்போதே காப்பி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது!